‘தகுந்த சம்பளம்’ என்று எழுதினால் தகுந்த ஆள் வருவாரா?

வாசகர் கேள்வி – பதில்

ஆள் தேவை விளம்பரம் பற்றி வந்த கடிதங்களில் பாதிப்பேர் ‘யாருமே வரவில்லை’ என்கிறார்கள், மீதிப்பேர் ‘வேண்டாதவர்களே வருகிறார்கள்’ என்கிறார்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எனவே ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: கணபதியில் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் சிஎன்சி டர்னிங் மெஷின்கள் மூன்று இருக்கின்றன. ‘சிஎன்சி ஆபரேட்டர் தேவை. அனுபவம் உள்ளவர்கள் அணுகவும். தகுந்த சம்பளம்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டேன். போன் ஓயாமல் அடிக்கிறது. நேரில் வந்தவர்களில் ஒருவருக்குக்கூட செட்டிங் தெரியவில்லை. – ஒரு வாசகர், கோவை

நீங்கள் கேட்டது ஆபரேட்டரை, உங்களுக்கு வேண்டியது செட்டர். பீஸை மாட்டி, பட்டனை அழுத்தி, கழற்றி, அளவு பார்ப்பவர் ஆபரேட்டர். பீஸைப் பிடிக்கும் ஜாவை அதன் அளவுக்குக் குடைந்து (ஜா போர்), வெட்டும் டூலை மாட்டி, டூலின் நிலை அளவைத் திருத்தி (ஆஃப்செட்), முதல் பீஸை அளவுக்குக் கொண்டுவருபவர் செட்டர். வரைபடத்தைப் பார்த்து மெஷினுக்கான கட்டளைகளை (ஜி-கோட்) எழுதுபவர் புரோகிராமர். சிறிய யூனிட்டில் மூன்றையும் ஒருவரே செய்வதால் முதலாளிகள் எல்லாரையும் ‘ஆபரேட்டர்’ என்றே சொல்லிப் பழகிவிடுகிறார்கள். ஆனால் விளம்பரத்தைப் படிப்பவர் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார். லோடிங் மட்டும் தெரிந்தவர் ‘இது நமக்குத்தான்’ என்று கிளம்பி வருவார். நல்ல செட்டரோ ‘இது சின்ன வேலை’ என்று தாண்டிப் போய்விடுவார்.

‘அனுபவம் உள்ளவர்கள்’ என்ற சொல்லும் யாரையும் வடிகட்டாது. ஐந்து வருடம் பட்டன் அழுத்தியதும் அனுபவம்தான். வருடத்தைக் கேட்பதைவிட, கை செய்ய வேண்டிய வேலையை எழுதுங்கள். உங்கள் விளம்பரத்தை இப்படி மாற்றிப் போடலாம்:

சிஎன்சி டர்னிங் செட்டர் – 2 பேர் தேவை
இடம்: கணபதி, கோவை. பஸ் ஸ்டாப்பிலிருந்து 5 நிமிட நடை.
மெஷின்: டர்னிங் சென்டர் 3, ஃபேனக் கன்ட்ரோல்.
வேலை: பம்ப் ஷாஃப்ட், பித்தளை புஷ். சாஃப்ட் ஜா போர் செய்ய, டூல் ஆஃப்செட் போட, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்து சரிசெய்யத் தெரிய வேண்டும். புரோகிராம் நாங்கள் தருவோம்.
நேரம்: காலை 8 – மாலை 4.30 / மாலை 4.30 – இரவு 1. ஷிப்ட் வாரம் ஒருமுறை மாறும். ஞாயிறு விடுமுறை.
சம்பளம்: மாதம் 22,000 முதல் 26,000 வரை. ஓவர்டைம் தனி.
தேர்வு: மெஷினில் ஒரு மணி நேர டிரையல். வருபவருக்கு 300 ரூபாய் தரப்படும்.
போன்: மாலை 5 முதல் 7 வரை மட்டும். மற்ற நேரத்தில் வாட்ஸ்அப்பில் பெயரும், எந்த மெஷின் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதும் அனுப்பவும்.

தொகைகள் உதாரணத்துக்கு எழுதியவை, உங்களால் தர முடிந்ததைப் போடுங்கள். கன்ட்ரோல், அதாவது மெஷினை இயக்கும் கணினியின் பெயரை விட்டுவிடாதீர்கள். சீமென்ஸில் மட்டுமே பழகியவர் ஃபேனக்குக்கு மாறச் சில நாள் பிடிக்கும். அந்த அவகாசத்தைத் தர நீங்கள் தயார் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இரவு 1 மணி ஷிப்ட்டை மறைத்தால், சேர்ந்த இரண்டாவது வாரமே ஆள் நின்றுவிடுவார், அந்த நேரத்துக்கு அவருக்குப் பஸ் கிடையாது. டூவீலர் வேண்டுமா, தங்க ரூம் உண்டா என்பதை முதலிலேயே எழுதுங்கள். டிரையலுக்குப் பணமா என்று தயங்க வேண்டாம். வேலையில் இருக்கும் செட்டர் உங்களிடம் வர ஒரு நாள் லீவு போட்டு, அன்றைய சம்பளத்தை இழக்கிறார். அந்த 300 ரூபாயைப் பார்த்துத்தான் கைத்தொழில் தெரிந்தவர் உங்களை நம்பி வருவார்.

கேள்வி: சம்பளத்தைப் போட்டால் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். போடாவிட்டால் யாரும் கூப்பிடுவதில்லை. போட்டபோது சேர்ந்த ஒருவர், ‘சொன்ன சம்பளம் கைக்கு வரவில்லை’ என்று முதல் மாதமே நின்றுவிட்டார். – ஒரு வாசகி, பேக்கேஜிங் யூனிட், ஓசூர்

சம்பளத்தைப் போடத்தான் வேண்டும். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போனாலும் பரவாயில்லை என்று உங்கள் வாசலுக்கு வருபவருக்கு, அந்தத் தொகையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

சேர்ந்தவர் ஏன் நின்றார் என்பதை முதலில் பார்ப்போம். நீங்கள் எழுதிய எண்ணும் அவர் வாங்கிய எண்ணும் வேறு. மாதச் சம்பளம் 18,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. பிஎஃப் 12 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் பிடிக்கப்படும். இஎஸ்ஐ மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 135 ரூபாய். கைக்கு வருவது 16,305. நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் 1,560, இஎஸ்ஐ 3.25 சதவீதமாக 585. இவற்றையும் சேர்த்தால் அதே ஆளுக்கு நிறுவனத்தின் செலவு 20,145 ஆகிறது. சில நிறுவனங்கள் இந்த 20,145-ஐத் தூக்கி விளம்பரத்தில் போடுகின்றன. படிப்பவர் அதையே கைச்சம்பளம் என்று நினைத்து வாடகை, தவணையெல்லாம் கணக்குப் போட்டுவிடுகிறார். ஏறக்குறைய 3,800 ரூபாய் குறைந்தால் யாருக்குத்தான் ஏமாற்றம் வராது?

எனவே இரண்டு எண்ணையும் போடுங்கள்: ‘சம்பளம் 18,000. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் போகக் கைக்கு 16,300 அளவில்.’ தீபாவளி போனஸ் உண்டென்றால் அதற்குத் தனி வரி ஒதுக்குங்கள், மாதச் சம்பளத்துக்குள் கலக்காதீர்கள். 16,000–28,000 போன்ற அகலமான வரம்பும் வேண்டாம். வருபவர் மேல் எண்ணையும் நீங்கள் கீழ் எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். வரம்பு 3,000, 4,000 ரூபாய்க்குள் இருக்கட்டும். எதற்கு மேல் எண் என்பதையும் சொல்லுங்கள், ‘இரண்டு மெஷின் பார்ப்பவருக்கு’ என்பதுபோல.

பழைய ஆட்களின் சண்டைக்கு விளம்பரம் காரணமல்ல. மூன்று வருடம் இருப்பவரைவிடப் புதியவருக்குக் கூடுதல் கொடுத்தால், விளம்பரம் இல்லாமலே முதல் சம்பள நாளில் அது தெரிந்துவிடும். பழைய சம்பளத்தைச் சரிசெய்துவிட்டு விளம்பரத்தைப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஜவுளிக் கடைக்கு அக்கவுண்டன்ட் வேண்டும். ‘பி.காம்., டேலி தெரிந்தவர், 5 ஆண்டு அனுபவம்’ என்று போட்டோம். டேலியில் பில் போடத் தெரிகிறது, ஜிஎஸ்டி வேலையென்றால் கையைப் பிசைகிறார்கள். – ஒரு வாசகர், ஈரோடு

டேலி தெரியும் என்பது வவுச்சர் போடத் தெரியும் என்பதோடு நின்றுவிடலாம். உங்களுக்கு மாதக் கணக்கை முடிக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்த மாதத்தையே விளம்பரத்தில் எழுதிவிடுங்கள்: ‘7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1. 14-இல் வரும் 2பி-யோடு கொள்முதல் பில்களை ஒப்பிட வேண்டும். 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள் 3பி.’ (டிடிஎஸ் என்பது பிடித்துக் கட்டும் வருமான வரி, ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரம், 2பி உங்களுக்குச் சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், 3பி வரி கட்டும் ரிட்டர்ன்.) இது மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடைக்கான கணக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவர் என்றால் தேதிகள் மாறும். ஆடிட்டர் ஆபீஸில் எந்த வேலை நடக்கிறது, உங்கள் ஆள் எதுவரை செய்ய வேண்டும் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். தேதிகளைப் பார்த்தவுடனே, செய்து பழகியவருக்கு ‘இது என் வேலை’ என்று தெரியும். பழகாதவர் தானே ஒதுங்கிக்கொள்வார்.

5 ஆண்டு என்ற வரியை எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து. ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் பல கடைகளின் ரிட்டர்ன் போட்ட பெண், உங்கள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கவே மாட்டார். உங்களுக்கு வேண்டியவர் அவராகவே இருக்கலாம். வருடத்துக்குப் பதில் அரை மணி நேரத் தேர்வு வையுங்கள்: பத்து கொள்முதல் பில்கள், ஒரு 2பி பிரின்ட். பத்தில் ஒன்று 2பி-யில் இருக்கக் கூடாது, ஒன்றில் வரித் தொகை மாறியிருக்க வேண்டும், ஒன்றில் ஜிஎஸ்டி எண் தவறாக இருக்க வேண்டும். மூன்றையும் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்து என்ன செய்வார் என்று சொல்பவரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பெண்கள் மட்டும், 25 வயதுக்குள்’ என்று போடலாமா? – ஒரு வாசகர், சேலம்

வேண்டாம். வேலைக்கு எடுப்பதில் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொன்னது. 2019-இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்போ ஆண், பெண் என்ற பாகுபாடே கூடாது என்கிறது. வயது வரம்பாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வேலை தேடும் 35 வயதுப் பெண்கள், ஒரே இடத்தில் பல வருடம் நிலைப்பவர்கள், அந்த ஒரு வரியால் வெளியே போய்விடுகிறார்கள். நாள் முழுக்க நிற்க வேண்டுமா, 20 கிலோ பெட்டி தூக்க வேண்டுமா, அதை எழுதுங்கள். முடிந்தவர்கள் வருவார்கள்.

கேள்வி: பனியன் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லர் வேண்டும். ஆன்லைனில் பணம் கட்டி விளம்பரம் செய்தும் பயனில்லை. எங்கே போடுவது? – ஒரு வாசகர், திருப்பூர்

டெய்லர்கள் பார்க்கும் இடத்தில் போடுங்கள். பஸ் ஸ்டாப், டீக்கடை, ஆட்கள் வாடகைக்குக் குடியிருக்கும் லைன் வீடுகள் பக்கம், கம்பெனி கேட். போர்டில் ‘டெய்லர் தேவை’ என்று மட்டும் இருந்தால் சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் என்று எல்லா வகைத் தையல் மெஷின் ஓட்டுபவர்களும் வருவார்கள். மெஷின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடுத்து பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா என்பது, பிறகு தொகை. ஷிப்ட் என்றால் எத்தனை மணிக்கு முடியும், ஒன்றரை ஷிப்ட் கட்டாயமா என்பதும் வேண்டும். பீஸ் ரேட் என்றால் எந்த ஸ்டைலுக்கு என்ன ரேட் என்று ஓர் உதாரணம், எத்தனை மாதத்துக்கு ஆர்டர் கையில் இருக்கிறது என்ற விவரம். ஆர்டர் இல்லாமல் பாதி வாரம் உட்கார வைக்கும் கம்பெனியில் உயர்ந்த ரேட் இருந்தும் பயனில்லை என்று டெய்லர்களுக்குத் தெரியும். ஒடிசா, பீகார் ஆட்கள் உள்ள பகுதியென்றால் இந்தியிலும் ஒரு போர்டு வையுங்கள்.

ஆபீஸ் வேலை, மெர்ச்சன்டைசர், ஐடிஐ முடித்த மெக்கானிக் போன்றோருக்குத் தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையத்தில் பதிவு செய்யுங்கள். இருதரப்புக்கும் கட்டணம் இல்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் முகாம்களும் உண்டு.

கேள்வி: வேலை தேடுபவன் நான். விளம்பரம் உண்மையா, மோசடியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகர், மதுரை

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், பயிற்சிப் பணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் இல்லாமல் மொபைல் எண் மட்டும் இருந்தால், முகவரி கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஓடிபி கேட்டால் பேச்சையே அதோடு முடித்துக்கொள்ளுங்கள். முதலாளிகளும் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் விளம்பரத்தில் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அதுவும் இவர் கண்ணுக்கு மோசடியாகத்தான் தெரியும். ‘எந்தக் கட்டணமும் இல்லை’ என்ற வரியைக் கடைசியில் சேருங்கள்.

கேள்வி: நேர்முகத்துக்கு வருகிறேன் என்கிறார்கள், வருவதில்லை. சேருகிறேன் என்றவர்களும் வருவதில்லை. – ஒரு வாசகி, மருந்துக் கடை, தஞ்சாவூர்

பெரும்பாலும் இடைவெளிதான் காரணம். திங்கட்கிழமை கூப்பிட்டவரை அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னால், அதற்குள் வேறு கடை அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கும். போன் வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வரச் சொல்லுங்கள். பேசி முடித்தவுடன் வாட்ஸ்அப்பில் நான்கு விவரம் அனுப்புங்கள்: கடையின் லொகேஷன், நேரம், யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும். முந்தின நாள் மாலை ‘நாளை வருகிறீர்களா?’ என்று ஒரு செய்தி. தேர்வானவரிடம் சம்பளம், நேரம், விடுமுறை, சேரும் தேதி நான்கையும் எழுதிக் கையெழுத்திட்டு அன்றே கொடுங்கள். ‘போன் பண்றோம்’ என்று அனுப்பினால் அவர் தேடுவதை நிறுத்த மாட்டார்.

இன்னொன்று, ஆள் கிடைத்ததும் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றுவதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், கடைசித் தேதியை உள்ளேயே எழுத வேண்டும். தேதியில்லாத விளம்பரம் மாதக்கணக்கில் சுற்றும். வேலை இல்லை என்ற பதிலையே கேட்டுச் சலித்தவர், அடுத்த முறை உங்கள் கடைப் பெயரைப் பார்த்தாலும் கூப்பிட மாட்டார்.