மண் பொதுவில், கட்டடம் குத்தகையில்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களின் பழைய அரங்குகளும் கடைத்தெருக்களும் வாடகை ஏற்றத்தால் கைமாறுகின்றன. நிலத்தைச் சமூக அறக்கட்டளை வாங்கினால் அவை தப்புமா?

பதில்: பத்திரத்தைச் சரியாக எழுதினால் தப்பும். மண் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், அதை விற்பதில்லை. கட்டடத்துக்குப் பெரும்பாலும் 99 ஆண்டுக் குத்தகை. அதை எதற்குப் பயன்படுத்தலாம், விற்றால் விலையை எப்படிக் கணக்கிடுவது, முதலில் யாரிடம் கேட்பது எல்லாம் குத்தகைப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறைவரை நிற்காது. நிர்வாகக் குழுவில் வழக்கமாகக் குத்தகைதாரர், அக்கம்பக்கத்தார், பொதுநலப் பிரதிநிதிகள் என மூன்று சம பங்கு. சியாட்டிலில் ஆப்பிரிக்காடவுன் அறக்கட்டளை, பழைய 6-ஆம் எண் தீயணைப்பு நிலையத்தை கறுப்பினத் தொழில்முனைவோருக்கான வில்லியம் குரோஸ் மையமாக மாற்றியிருக்கிறது.

ஆபத்து கடனில்தான். இம்முறையின் முன்னோடி, 1969-இல் ஜார்ஜியாவில் தொடங்கிய நியூ கம்யூனிட்டீஸ் என்ற கறுப்பின விவசாயிகளின் கூட்டுப் பண்ணை. ஏறத்தாழ 5,700 ஏக்கர். நிலமே அடமானத்தில் இருந்தது. வறட்சி வந்தது, அரசின் அவசரக் கடன் இழுத்தடிக்கப்பட்டது, 1985-இல் எல்லாம் போயிற்று. (கடன் தருவதில் அரசு காட்டிய இனப் பாகுபாட்டுக்காக 2009-இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. அந்த மண் திரும்பவில்லை.) எனவே கடனுக்குக் கட்டடத்தையும் குத்தகை உரிமையையும் மட்டுமே ஈடாகக் காட்ட வேண்டும். சொத்து வரிச் சலுகையும் தானாக வராது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு.