வாசகர் கேள்வி பதில்: அயர்லாந்தின் பழைய தோட்டங்கள்

மகன் டப்ளினில் வேலை பார்க்கிறான். மே மாதம் நானும் கணவரும் போகிறோம். பெரிய மாளிகைத் தோட்டம் ஒன்றாவது பார்க்க ஆசை. எனக்கு முழங்கால் வலி உண்டு. எங்கே போகலாம்?
- ஒரு வாசகி, திருச்சி

மகன் உங்களை முதலில் பவர்ஸ்கோர்ட்டுக்குத்தான் கூட்டிப்போவார். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். டப்ளினுக்குத் தெற்கே, விக்லோ மாவட்டத்தில் 47 ஏக்கர் தோட்டம். 1974-இல் மாளிகையின் உட்புறம் தீயில் கருகிப்போனாலும் தோட்டம் தப்பிவிட்டது. மாளிகையின் பின்புறத்திலிருந்து குளம்வரை படிகள் இறங்குகின்றன. எதிரே சுகர்லோஃப் மலை. நீங்கள் இறங்க வேண்டாம், மேலே நின்று பார்த்தாலே போதும்.

ஆனால் உங்கள் முழங்காலுக்கு நான் சொல்வது மவுண்ட் அஷர். அதே விக்லோவில், ஆஷ்ஃபோர்டு ஊரில் இருக்கிறது. 1868-இல் எட்வர்ட் வால்போல் தொடங்கியது. வார்ட்ரி ஆறு தோட்டத்தின் நடுவே ஓடுகிறது. அளவெடுத்து வெட்டிய பாத்திகள் இல்லை. செடிகளை அவற்றின் போக்கில் வளர விட்டிருக்கிறார்கள். பாதை பெரும்பாலும் சமதளம். ஆற்றின் சிறு பாலங்களில் நின்று நின்று போங்கள். ஒரே நாளில் இரண்டு தோட்டம் என்று மகன் திட்டம் போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

காட்டுப் பாதைகளில் பாம்பு பயம் உண்டா?
- ஒரு வாசகர், தேனி

கிடையவே கிடையாது. அயர்லாந்துக் காடுகளில் பாம்பே இல்லை. பயப்பட வேண்டியது உண்ணிக்கு. புல்லும் பெரணியும் உரசும் இடங்களில் அது ஏறிக்கொள்ளும். லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்பக்கூடியது. முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அறைக்குத் திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள்.

கால்வே பக்கம் கூல் பார்க்குக்குப் போனோம். மாளிகையே இல்லை, வெறும் அடித்தளம்தான் இருக்கிறது. இதற்கா இவ்வளவு தூரம் என்று ஆகிவிட்டது. அங்கே அப்படி என்ன இருக்கிறது?
- டப்ளினில் வசிக்கும் வாசகர்

உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனாலும் இன்னொரு முறை போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். அயர்லாந்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

லேடி கிரிகரி வாழ்ந்த வீடு அது. ஐரிஷ் நாடக இயக்கத்தை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1927-இல் எஸ்டேட்டை அரசுக்கு விற்றுவிட்டு, 1932-இல் இறக்கும்வரை வாடகை கொடுத்து அதே வீட்டில் இருந்தார். 1941-இல் வீட்டை இடித்துவிட்டார்கள். இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை. தோட்டமும் காடும் மட்டும் மிஞ்சின.

மதில் சூழ்ந்த தோட்டத்துக்குள் கம்பி வேலி போட்ட செம்பு நிற பீச் மரம் ஒன்றைப் பார்த்தீர்களா? வந்த விருந்தாளிகளை அதன் பட்டையில் பெயர் செதுக்கச் சொல்வார் லேடி கிரிகரி. ஐரிஷ் எழுத்தாளர்கள் யேட்ஸ், சிங் (Synge), ஓ'கேசி எல்லாரும் செதுக்கியிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்க எழுத்துகளும் அகன்று, ஓரம் தடித்துத் தழும்பாகிவிட்டன. பல பெயர்களைத் தேடித்தான் படிக்க வேண்டும். பெர்னார்ட் ஷாவின் மூன்று முதலெழுத்துகள் மட்டும் சட்டென்று கண்ணில் படும்.

அப்புறம் காட்டு வழியாக ஏரிக்கு நடங்கள். கீழே சுண்ணாம்புப் பாறை என்பதால் அந்த நீர் நிலத்தடி வழியாகவே கின்வாரா கடலுக்குப் போகிறது. மழைக்காலத்தில் காட்டின் விளிம்புவரை ஏறும் தண்ணீர், கோடையில் வெகுவாக இறங்கிவிடும். குளிர்காலத்தில் அன்னங்கள் வரும். நீங்கள் போனது கோடை என்றால் பாதிதான் பார்த்திருக்கிறீர்கள்.

கில்லார்னியில் ரோடோடென்ட்ரானை வெட்டிக் குவித்திருந்தார்கள். எங்கள் மலையில் காட்டுப் பூவரசு என்று போற்றும் செடியை அங்கே ஏன் அழிக்கிறார்கள்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு இனம். கில்லார்னியில் வெட்டுவது ஐபீரியாவிலும் கருங்கடல் பக்கத்திலும் வளரும் ஊதாப் பூ இனம். பூவுக்காகவும், வேட்டைப் பறவைகள் பதுங்கும் புதருக்காகவும் எஸ்டேட்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அமில மண்ணும் ஓயாத மழையும் கிடைத்ததும் அது காட்டுக்குள் புகுந்துவிட்டது. இலையில் நஞ்சு இருப்பதால் மானும் ஆடும் வாய் வைக்காது. அடியில் வெளிச்சமே விழாததால் ஓக் கன்று முளைத்து வர முடியாது. கிழட்டு ஓக் மரங்கள் சாய்ந்தால் அந்த இடத்துக்கு வேறு மரமில்லை. வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். அதனால் வெட்டுகிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்கள் செய்வது காட்டைக் காப்பாற்றும் வேலை.

உங்கள் காட்டுப் பூவரசின் உறவைப் பார்க்க விக்லோவில் உள்ள கில்மகராவுக்குப் போங்கள். 1840-களின் இறுதியில் ஜோசப் ஹூக்கர் என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் சிக்கிம் மலைகளில் திரட்டிய விதைகளில் சில, டப்ளின் தாவரவியல் பூங்கா வழியாகத் தாமஸ் ஆக்டனின் இந்தத் தோட்டத்துக்கு வந்தன. வசந்தத்தில் அகன்ற நடைபாதை முழுக்கச் சிவப்பு இதழ்கள் உதிர்ந்து கிடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

கல்லறைத் தோட்டங்களில் தூண் போல நிமிர்ந்து நிற்கும் யூ (yew) என்ற ஊசியிலை மரத்துக்குத் தாய் மரம் ஒன்று உண்டாமே? கார்க் நகரில் படிக்கிறேன், போய்ப் பார்க்கலாமா?
- ஒரு மாணவர்

உண்மைதான். ஃபெர்மனா மாவட்டத்தில், ஃப்ளோரன்ஸ் கோர்ட் மாளிகைக் காட்டில் இன்றும் நிற்கிறது. 1760-களில் ஜார்ஜ் வில்லிஸ் என்ற குத்தகை விவசாயி மலையில் இப்படி நிமிர்ந்து வளரும் இரண்டு கன்றுகளைக் கண்டெடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை நிலப்பிரபுவுக்குக் கொடுத்தார். நிலப்பிரபுவின் மரம்தான் பிழைத்தது. விதை போட்டால் பெரும்பாலும் சாதாரண யூதான் வரும் என்பதால், போத்து வெட்டி நட்டே உலகெங்கும் பரப்பினார்கள்.

ஆனால் அது வட அயர்லாந்து, அதாவது பிரிட்டன். எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காகக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் படிக்க வந்தவர் என்றால் ஐரிஷ் மாணவர் அனுமதி மட்டும் இருந்தால் போதாது. பிரிட்டிஷ் விசாவும் வேண்டும்.