வகுப்பு உற்றுநோக்கலில் எதை எழுதுவது?

ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு வாரம் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிய குறிப்பேட்டை, 'இது பாடச் சுருக்கம், உற்றுநோக்கல் இல்லை' என்று வழிகாட்டி ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள். என் முதல் நோட்டும் அப்படித்தான் திரும்பி வந்தது.

நாளைக்கு ஆசிரியரை மட்டும் பார்க்காமல் பிள்ளைகளையும் பாருங்கள். பக்கவாட்டில் உட்காருங்கள், பின்னாலிருந்து முதுகுதான் தெரியும். ஒரு பீரியடுக்கு ஒரே கேள்வி போதும். நான் தொடங்கியது இதில்: கேள்வி கேட்டபின் ஆசிரியர் எத்தனை விநாடி காத்திருக்கிறார்? அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடி அளவே காத்திருந்தார்கள். அது 3 விநாடியானதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். கடிகாரத்தோடு உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது, வகுப்பறையில் 3 விநாடி மௌனம் அவ்வளவு நீளம்!

அடுத்த நாள் இருக்கை வரைபடம் போட்டு, பேசுகிறவர் கட்டத்தில் ஒரு கோடு இழுங்கள். கோடே விழாத கட்டங்களைப் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். 'வகுப்பு நன்றாக இருந்தது' என்ற தீர்ப்பும் வேண்டாம்.

மணி அடித்ததும் அந்த ஆசிரியரிடம், 'நடுவில் ஏன் வேறு உதாரணத்துக்குப் போனீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். யாருடைய முகத்தைப் பார்த்து மாற்றினார் என்று அவரே சொல்வார்.