வயதான மறதியா, மறதி நோயா? வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 63 வயது. தெரிந்தவர் எதிரே வந்தால் பெயர் வருவதில்லை. அவர் போன பிறகு வருகிறது. இது டிமென்ஷியா என்கிற மறதி நோயா?

பதில்: பிறகு வந்துவிடுகிறதே, அது நல்ல செய்தி. வயது ஏற ஏற மூளை கொஞ்சம் சுருங்கும், அதன் வேகமும் குறையும். பெயர் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுத்துவரத்தான் நேரமாகிறது. உங்கள் மறதி உங்களைவிட வீட்டாரை அதிகம் உறுத்தத் தொடங்கினால் வந்து பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71. நாற்பது வருடமாக வைக்கும் ரசத்தில் புளியை விட்டுவிடுகிறார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். "வயசாச்சு, விடு" என்கிறார் அப்பா.

பதில்: விடாதீர்கள். கை தானாகச் செய்த வேலையில் தடுமாற்றம் வந்தால் அது வெறும் வயதல்ல. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது, மூளையில், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான். அதனால்தான் 1975இல் நடந்த கல்யாணப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்பவருக்குக் காலையில் சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது. "பழசெல்லாம் நல்லா சொல்றாங்களே" என்று நம்பி இரண்டு மூன்று வருடங்களை இழந்த குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஏனென்றால் தைராய்டு குறைபாடு, பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் என எல்லாமே இப்படித்தான் தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் போகும்போது, அம்மா போடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். சளி, அலர்ஜி மாத்திரைகளில் சிலவும் குழப்பம் தரும்.

கேள்வி: நேற்றுவரை தெளிவாக இருந்த அப்பா (80), இன்று காலையிலிருந்து இடம் தெரியாமல் பேசுகிறார்.

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும். ஒரே நாளில் குழப்பம் என்றால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குதல், பக்கவாதம் என எதுவும் இருக்கலாம்.

கேள்வி: குறுக்கெழுத்து போட்டால் மறதி நோய் வராதா?

பதில்: போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தினசரி நடை இவையே முக்கியம். அப்புறம் காது. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் சொன்ன, மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் காது மந்தமும் ஒன்று. காது மிஷின் போட வெட்கப்பட்டு வீட்டுப் பேச்சிலிருந்து ஒதுங்கிவிடாதீர்கள்.

கேள்வி: மறதி நோயுள்ள மாமியார், மாலையானால் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று அழுகிறார். இதுதான் உங்கள் வீடு என்றால் கோபப்படுகிறார்.

பதில்: வாதாட வேண்டாம், தோற்பது இருவரும்தான். அவர் தேடுவது பெரும்பாலும் பிறந்த வீடாக இருக்கும். "உங்க வீட்ல கிணறு இருந்துச்சா அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கே போனால் பதற்றம் தணியலாம். இருட்டுமுன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள், நிழல்கள் அவரை மிரட்டும். வாரத்தில் ஒரு மாலையாவது உங்கள் கணவரோ நாத்தனாரோ அவருடன் இருக்கட்டும். நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்.