போகேக்க 60, வரேக்க 40 எண்டா சராசரி 50 தானே?

ஒரு அக்கா கேட்டிருக்கிறா: "யாழ்ப்பாணத்திலயிருந்து கிளிநொச்சிக்கு வானில போய் வந்தனாங்கள், மீற்றரில ஒரு பக்கம் 66 கிலோமீற்றர் காட்டினது. போக 1 மணித்தியாலம் 6 நிமிசம், வர 1 மணித்தியாலம் 39 நிமிசம், அதில பளையில தேத்தண்ணிக்கு நிண்ட 15 நிமிசமும் சேர்த்தி. போகேக்க 60, வரேக்க 40, அப்ப சராசரி 50 எண்டுறார் இவர். ஓஎல் படிக்கிற மகள் 48 எண்டுறாள். நான் கல்குலேற்றரில தட்டினா 54 கிட்ட வருது. ஆர் சரி?"

மகள்தான் சரி அக்கா. முதல்ல உங்கட 54ஐப் பாப்பம், ஏனெண்டா கனபேர் விடுற பிழை அது. நீங்கள் 1.06ஐயும் 1.39ஐயும் கூட்டி, வந்த 2.45ஆல, போய் வந்த முழுத்தூரம் 132 கிலோமீற்றரைப் பிரிச்சிருப்பியள். மணித்தியாலத்துக்கு 60 நிமிசம், 100 இல்லை, அதால 39 நிமிசத்தை 60ஆல பிரிச்சு 0.65 எண்டு எடுக்கோணும், 6 நிமிசம் 0.1, அப்ப 1.65உம் 1.1உம் சேர்ந்து 2.75, 132ஐ அதால பிரிச்சா சரியா 48. தசமம் தலையிடி எண்டா எல்லாத்தையும் நிமிசமாக்குங்கோ: 66உம் 99உம் 165, 132ஐ 165ஆல பிரிச்சு 60ஆல பெருக்கினாலும் அதே 48தான்.

இவர் செய்தது வேற பிழை. 60இல ஓடினது 66 நிமிசம், 40இல வந்தது 99 நிமிசம். மெதுவா வந்ததிலதான் கனநேரம் போயிருக்கு, அப்ப சராசரியும் 40 பக்கம் சாயத்தானே செய்யும். ரெண்டிலயும் ஒரேயளவு நேரம் ஓடியிருந்தா மட்டும் இவர் சொன்ன 50 சரி.

மகளுக்கும் ஒண்டு சொல்லுங்கோ, புத்தகத்தில இதுக்குப் பேர் சராசரிக் கதி. வேகம் எண்டு எழுதினா திசையும் சேர்ந்திடும், வெளிக்கிட்ட வீட்டுக்கே திரும்பி வந்தா சராசரி வேகம் பூச்சியம்! சோதினையில மாறி எழுதினா புள்ளி போயிடும். வீட்டில ஸ்பீட் எண்டே கதையுங்கோ.

தேத்தண்ணி 15 நிமிசத்தைக் கழிக்கிறதோ விடுறதோ எண்டது எதுக்காகக் கணக்குப் பாக்கிறியள் எண்டதில இருக்கு. அடுத்தமுறை எத்தினை மணிக்கு வெளிக்கிடோணும் எண்டு பாக்கவெண்டா கழிக்காதேங்கோ, அடுத்தமுறையும் பளையில நிப்பியள்தானே. வான் ஓடின ஓட்டத்தை மட்டும் பாக்கவெண்டா கழிக்கலாம், அப்ப வந்தது 84 நிமிசம், மணிக்கு 47 கிலோமீற்றர் மட்டில. ஆனா பஸ்ஸோட ஒப்பிடேக்க எங்கட தேத்தண்ணியைக் கழிச்சுப்போட்டு அவங்கள் ஆள் ஏத்த நிண்ட நேரத்தை மட்டும் சேர்க்கிறது ஞாயமில்லை, ரெண்டுக்கும் ஒரே மாதிரிச் செய்யோணும்.

இன்னொண்டு. "போகேக்க 40இல மெதுவாப் போவம், வரேக்க கெதியா ஓடிச் சராசரியை 60 ஆக்கிடலாம்" எண்டு இவர் சொன்னா விடாதேங்கோ. 60 வரவெண்டா 132 கிலோமீற்றரையும் 132 நிமிசத்தில முடிக்கோணும், போகவே 99 நிமிசம் போயிடும், மிச்ச 33 நிமிசத்தில 66 கிலோமீற்றர் எண்டா ஏ9இல 120இல பறக்கோணும். போறது 30இல எண்டா இன்னும் மோசம், கிளிநொச்சியில இறங்கேக்கயே 132 நிமிசமும் முடிஞ்சிடும், பிறகு பிளேன் பிடிச்சு வந்தாலும் 60 வராது.