பூசை பார்க்கவா, பங்கெடுக்கவா? – கேள்வி பதில்

(மதுரைப் பங்குக் கோவில்களில் திருவழிபாட்டுப் பயிற்சி தருபவர் பதில் சொல்கிறார். கத்தோலிக்கத் திருப்பலி, அதாவது பூசை, பற்றி மட்டும் கேளுங்கள்.)

கே.புதூர் வாசகர்: ஞாயிறு பூசைக்கு எதுவரைக்கும் லேட்டா வந்தா செல்லும்?

காணிக்கைக்கு முன்னால் வந்தால் போதும் என்று பழைய ஒழுக்கநெறி நூல்களில் எழுதியிருந்தார்கள். அந்தக் கணக்கை இன்னும் தாத்தா சொத்து மாதிரி வைத்திருக்கிறோம். வாசகமும் பிரசங்கமும் உள்ள இறைவாக்கு வழிபாடும், காணிக்கையில் தொடங்கும் நற்கருணை வழிபாடும் பிரிக்க முடியாத ஒரே வழிபாடு என்று, உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் சொல்லிவிட்டது. திருச்சபைச் சட்டத்தில் நிமிடக் கணக்கு கிடையாது. விசுவாசிகள் வேற்றாள் போல, வாய் திறக்காத பார்வையாளர்களாக இருக்கக்கூடாது என்றும் அதே ஏட்டின் 48ஆம் எண்ணில் இருக்கிறது. நாமோ "பூசை பார்க்கப் போறேன்" என்கிறோம். பார்க்க வருகிறவருக்குத்தான் எந்தக் காட்சியில் நுழையலாம் என்ற கேள்வி வரும்.

கோரிப்பாளையம் சிக்னலில் மாட்டிக்கொண்டால் திரும்பிப் போகாதீர்கள், வாருங்கள். வாசகம் நடக்கும்போது நடுப்பாதையில் நடக்க வேண்டாம். பதிலுரைப் பாடல் தொடங்கியதும் ஓரமாகப் போய் உட்காருங்கள்.

மேலூர் வாசகர்: நன்மை வாங்குறதுக்கு முன்னாடி டீ குடிக்கலாமா?

நன்மைக்கு, அதாவது நற்கருணைக்கு, முன் ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கணக்கு பூசை தொடங்கும் நேரத்திலிருந்து அல்ல, நன்மை வாங்கும் நேரத்திலிருந்து. ஏழு மணிப் பூசையில் நன்மை சுமார் ஏழே முக்காலுக்கு என்றால், ஆறே முக்காலுக்குள் டீயை முடித்துவிடுங்கள். தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். முதியோர், நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த விதி கிடையாது. நள்ளிரவிலிருந்து பட்டினி கிடந்த பழைய முறை 1957இல் மூன்று மணி நேரமாகி, 1964இல் ஒரு மணி நேரமாகிவிட்டது. பாட்டி சொன்னதை வைத்துப் பிள்ளைகளை வாட்டாதீர்கள்.

அனுப்பானடி வாசகர்: கையில் வாங்குவது எப்படி?

இடது கை மேலே, வலது கை கீழே, உள்ளங்கை விரித்து. "ஆமென்" சொல்லி வாங்கி, ஓரடி விலகி நின்று, வலது கையால் எடுத்து அங்கேயே உட்கொள்ளுங்கள். விரலால் கிள்ளி வாங்குவதும், கையில் வைத்துக்கொண்டே நடப்பதும் தவறு. உள்ளங்கையில் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருமங்கலம் வாசகர்: பிரசங்கம் முடிஞ்சப்புறம் வந்தா செல்லுமா?

முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான்.

அண்ணாநகர் வாசகர்: கோவிலுக்குள் செருப்பு போடக்கூடாது என்பது சட்டமா?

சட்டமில்லை, வழக்கம். 1969இல் இந்தியத் திருச்சபைக்கு ரோமை அனுமதித்த 12 அம்சங்களில் அதுவும் ஒன்று. தரையில் அமர்வது, கைகூப்பிச் சமாதானம் சொல்வது, ஆரத்தி எல்லாம் அதே பட்டியல்தான்.

அண்ணாநகர் வாசகர்: இதெல்லாம் இந்துக் கோவில் பழக்கமாச்சே?

செல்லூர் வாசகர்: அப்போ கோட்டு சூட்டு மட்டும் வேதத்துல இருக்கா?

இருவரும் பொறுங்கள். மிதியடியைக் கழற்று என்று மோசேயிடம் சொன்னது விடுதலைப் பயணம் 3:5. மதுரைக்கு இந்தச் சண்டை புதிதும் அல்ல. 1606இல் இங்கே வந்த இயேசு சபைக் குரு நொபிலி காலத்தில், கிறிஸ்தவரானவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்று பூணூல், குடுமி, சந்தனம் பற்றிய வழக்கு ரோமை வரை போனது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். உங்கள் பங்கில் எல்லோரும் கழற்றினால் நீங்களும் கழற்றுங்கள். ஆனால் வாசல்படியில் குவிக்காதீர்கள். கைத்தடியோடு வருகிற பெரியவர்கள் அந்தக் குவியலில்தான் தடுக்குகிறார்கள். சுவரோரமாக வையுங்கள்.

செல்லூர் வாசகர்: ஆரத்தி பற்றி...

செருப்பு வழக்கே போதும் இன்றைக்கு.

சிம்மக்கல் வாசகர்: சனி சாயங்காலக் கல்யாணப் பூசை ஞாயிறு கடனுக்குச் சேருமா?

ஞாயிறு பூசையில் பங்கெடுக்கும் கடமைக்குச் சேரும். முந்தின நாள் மாலையிலோ அன்றைக்கோ, கத்தோலிக்க முறையில் எங்கே நடந்தாலும் சரி என்கிறது திருச்சபைச் சட்டம் 1248. சனி காலை பதினோரு மணிக் கல்யாணம் சேராது.

அரசரடி வாசகர்: சி.எஸ்.ஐ. திருவிருந்து முறை?

அது கத்தோலிக்கம் அல்லாத தென்னிந்தியத் திருச்சபை, என் துறை இல்லை. உங்கள் ஆயரைக் கேளுங்கள்.

பழங்காநத்தம் வாசகர்: பிரசங்கம் மனசுல நிக்கவே மாட்டேங்குது.

சனி இரவே மூன்று வாசகங்களையும் படித்துவிட்டு வாருங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை. ஞாயிறு நற்செய்தி ஓராண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, பிறகு லூக்கா என்று சுற்றும். யோவான் இடையிடையே வரும்.

விளாங்குடி வாசகர்: நற்கருணை நேரத்துக்கு வந்தா...

லேட் கேள்வி இது மூன்றாவது. பத்து நிமிடம் முன்னால் வாருங்கள்.

ஒத்தக்கடை வாசகர்: நன்மை வாங்கினதும் கிளம்பலாமா?

இறுதி ஆசீர் வரை இருங்கள். நன்றி மௌனத்தில் உள்ளே கண்மூடி உட்கார்ந்திருப்பவர்கள் காதில் விழுவதெல்லாம் வெளியே உதைத்துக் கிளப்பும் பைக்குகள்தான்.