பால்சா இறக்கை ஏன் முறுக்கிக்கொள்கிறது?

எடை குறைந்த பால்சா மரக் கிட் ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் அகலச் சிறகுள்ள பயிற்சி மாதிரி விமானம் கட்டிவரும் வாசகர் ஒருவர் இவ்வாறு கேட்கிறார்: "வலது இறக்கையின் ரிப், ஸ்பார், முன்விளிம்பு எல்லாவற்றையும் பலகையில் குத்திவைத்து ஒட்டினேன். பிறகு எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு மேல் ஷீட்டை ஒட்டினேன். இப்போது மேசையில் அடிப்பகுதியை (விமான உடலோடு சேரும் முனையை) அழுத்திப் பிடித்தால் நுனியில் பின்விளிம்பு 5 மி.மீ. தூக்கி நிற்கிறது. இதைச் சரிசெய்ய முடியுமா? இடது இறக்கையை எப்படிக் கட்ட வேண்டும், எந்தப் பசை நல்லது?"

ரிப் என்பது இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் வெட்டிய தகடு, ஸ்பார் இறக்கையின் நீளவாட்டில் ஓடும் குச்சி, ஷீட் அவற்றின் மேல் போர்த்தும் மெல்லிய பால்சாத் தகடு. காரணம் கேள்வியிலேயே இருக்கிறது. ஸ்பாருக்கு முன்னால் மேலும் கீழும் ஷீட் ஒட்டி, மேல், கீழ் என இரண்டு ஸ்பார்களுக்கும் இடையே வெப் துண்டுகளை (அவற்றை இணைக்கும் மெல்லிய தகடுகளை) நிறுத்தியவுடன் அந்தப் பகுதி மூடிய குழாயாகிவிடுகிறது. நாட்காட்டி சுருட்டி வரும் அட்டைக் குழாயைக் கையால் முறுக்குவது கடினம். அதையே நீளவாட்டில் ஒரு கீறு கீறிவிட்டால் எளிதாக முறுக்கலாம். மேல் ஷீட் ஒட்டும்வரை உங்கள் இறக்கை கீறிய குழாய். ஒட்டிய பிறகு மூடிய குழாய். மூடும் அந்த நேரத்தில் இறக்கை எந்த வடிவில் இருக்கிறதோ, அந்த வடிவிலேயே நிலைத்துவிடுகிறது. ஆகவே வெப்பும் மேல் ஷீட்டும் ஒட்டி, பசை முழுக்கக் காயும்வரை இறக்கை பலகையை விட்டு எழக் கூடாது. இறக்கை கட்டுவதில் இதைவிட முக்கியமான விதி வேறொன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

வலது இறக்கையை வெட்டிப் பிரிப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். நுனியில் பின்விளிம்பு மேலே நிற்பதை வாஷ்-அவுட் என்பார்கள். வடிவமைப்பாளர்கள் பலர் இதை வேண்டுமென்றே வைக்கிறார்கள். வேகம் குறையும்போது நுனிக்கு முன்பே இறக்கையின் அடிப்பகுதி தூக்குவிசையை இழக்கும் என்பதால், விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமல் மூக்கைத் தாழ்த்தி மீளும். உங்கள் ரிப்பின் நீளம் 250 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 5 மி.மீ. என்பது ஏறத்தாழ 1 பாகைதான். பயிற்சி விமானத்துக்கு இது தீங்கில்லாத அளவு. தீங்கு எதுவென்றால், ஒரு பக்கம் மட்டும் அப்படி இருப்பது. பறக்கும்போது விமானம் வலப்பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும். டிரிம் கொடுத்து (கட்டுப்பாட்டுத் தகடுகளைச் சற்றே சாய்த்துவைத்து) அதை அடக்கினாலும், இறங்கும் வேகத்தில் இரு இறக்கைகளும் ஒன்றுபோலத் தாங்காமல் ஒன்று முந்திச் சரியும்.

எனவே வலது இறக்கையை அப்படியே விட்டுவிட்டு, இடது இறக்கையையும் அதே 5 மி.மீ. வாஷ்-அவுட்டோடு கட்டிவிடுவதே என் பரிந்துரை. அதற்கு முன் ஒரு சோதனை தேவை. அடிப்பகுதியை மேசையில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு ரிப்பின் பின்முனைக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடியிலிருந்து நுனிவரை இடைவெளி சீராகக் கூடிக்கொண்டே போனால் கவலை இல்லை. கடைசி இரண்டு ரிப்புகளில் மட்டும் திடீரென்று எழும்பினாலோ, பின்விளிம்பு மேலே நிற்காமல் கீழே தொங்கினாலோ, வெட்டித்தான் ஆக வேண்டும். அப்படியானால் மேல் ஷீட் ஸ்பாரில் ஒட்டியிருக்கும் கோட்டை மெல்லிய பிளேடால் நுனியிலிருந்து அடிவரை அறுத்து, இறக்கையைப் பலகையில் தட்டையாகக் குத்தி, எடை வைத்து, அறுத்த கோட்டில் பசை விட்டு மறுபடி மூட வேண்டும்; அப்போது இடது இறக்கையையும் வாஷ்-அவுட் இல்லாமல் தட்டையாகவே கட்ட வேண்டும். ஃபிலிம் (இறக்கையைப் போர்த்தும், சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டிய பிறகு எதிர்த்திசையில் முறுக்கிச் சூடு காட்டினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஷீட் இல்லாத திறந்த இறக்கைக்கு அது ஓரளவு உதவும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் ஃபிலிம் தளர்ந்து பழைய முறுக்கு திரும்பிவிடும்.

இடது இறக்கைக்கு முதலில் வேண்டியது வளையாத தளம். ஃபிளஷ் டோர் ஒன்றின் மேல் சாஃப்ட் போர்டை ஒட்டிக்கொண்டால் நல்ல தளம் கிடைக்கும். அதில் நீளமான ஸ்கேலை நிமிர்த்தி, நேராகவும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பாருங்கள், எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது. வரைபடத்தின் மேல் பாலிதீன் தாளை விரித்துவிட்டால் பசை ஒட்டாது. குண்டூசிகளை ஸ்பாருக்குள் குத்தாமல் அதன் இரு பக்கமும் சாய்த்துக் குத்துங்கள்; ஸ்பாரில் விழும் ஒவ்வொரு துளையும் அதன் இழைகளை அறுக்கும். இந்தக் கட்டத்தில்தான் வாஷ்-அவுட்டை வைக்க வேண்டும். அடியில் பூஜ்யத்தில் தொடங்கி நுனியில் 5 மி.மீ. ஆகும் நீண்ட ஆப்பு ஒன்றைச் செதுக்கிப் பின்விளிம்பின் அடியில் வையுங்கள். முன்விளிம்பு தளத்திலேயே இருப்பதால் ஸ்பாரும் சற்று எழும். அது முன்விளிம்பிலிருந்து 75 மி.மீ. தள்ளியிருந்தால் நுனியில் 1.5 மி.மீ. ஆகும் இன்னொரு ஆப்பு அதற்கும் வேண்டும். வலது இறக்கையில் எழுதிவைத்த அளவுகளோடு ரிப் ரிப்பாக ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ரிப்பும் மூலைமட்டத்துக்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். அடிரிப் மட்டும் டைஹெட்ரல் கோணத்துக்கு (இறக்கை நுனி மேல்நோக்கி எழும் கோணத்துக்கு) ஏற்பச் சாயும், அதற்கான வார்ப்புரு பெரும்பாலும் கிட்டிலேயே இருக்கும்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முறுக்கின் பாதி அங்கேதான் தொடங்குகிறது. பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்து வருகிறது. ஒரே மரத்திலேயே கனமும் உறுதியும் வெகுவாக மாறும். 3 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளமுள்ள ஷீட் 30 கிராம் இருந்தால் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ. அதே அளவுள்ள இன்னொன்று 60 கிராம் இருந்தால் 200 கிலோ. ஒரு இறக்கைக்கு இதையும் மற்றொன்றுக்கு அதையும் ஒட்டினால் எடையும் விறைப்பும் ஒத்துப்போகாது. சமையலறைத் தராசில் எல்லா ஷீட்டுகளையும் நிறுத்துச் சமமாகப் பங்கிட்டுவிடுங்கள். ஸ்பார் குச்சிகளை மேசை விளிம்புக்கு வெளியே ஒரே நீளம் நீட்டி, நுனியில் ஒரே எடையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் எது எவ்வளவு வளைகிறது என்பது தெரியும். அதிக விறைப்புள்ள இரண்டையும் மேல் ஸ்பார்களுக்கு வையுங்கள்: பறக்கும்போது மேல் ஸ்பார் அமுக்கத்தைத் தாங்குகிறது, மரம் இழுவையைவிட அமுக்கத்தில்தான் முதலில் தோற்கும். வெப் துண்டுகளில் இழை ஓட்டம் செங்குத்தாக இருக்கட்டும். ஷீட்டுகளில், குறுக்கே எளிதாக வளைவதை முன்பகுதிக்கு வையுங்கள். பளபளக்கும் புள்ளிகளோடு விறைப்பாக இருப்பது ரிப்புக்கு உரியது, வளைவான இடத்தில் அதைத் திணித்தால் பிளக்கும்.

பசையைப் பொறுத்தவரை, ரிப்பும் ஸ்பாரும் சேரும் இடங்களுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை போதும். காற்றோட்டமுள்ள இடத்தில் கண்ணாடி அணிந்து வேலை செய்யுங்கள். லேசரில் வெட்டிய ரிப்புகளின் கருகிய விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் பசை நன்றாக இறங்கும். மேல் ஷீட்டுக்கு ஃபெவிகால் நல்லது, ஏனென்றால் பொருத்தி நகர்த்த நேரம் கிடைக்கும். ஆனால் அதில் நீர் இருக்கிறது. பால்சா நீரைக் குடித்தால் இழைக்குக் குறுக்கே உப்பும், காயும்போது சுருங்கி எல்லாவற்றையும் இழுக்கும். ஆகவே ரிப்புகளின் மேல்விளிம்பிலும் ஸ்பாரிலும் மெல்லிய கோடாக மட்டும் தடவுங்கள், ஷீட்டில் பூசாதீர்கள். இரவு முழுவதும் எடையோடு பலகையிலேயே கிடக்கட்டும். தேய்த்துச் சமன்படுத்த வேண்டிய வெளி இணைப்புகளுக்கு ஃபெவிகால் ஆகாது, ரப்பர்போலத் திரண்டு உப்புத்தாளை அடைக்கும்.

இரு பாதிகளையும் இணைப்பதற்கு மெதுவாக இறுகும் அரால்டைட் பசையும், இரு பக்க ஸ்பார்களையும் பிணைக்கும் பிளைவுட் பட்டையும் (பிரேஸ்) வேண்டும். நடு இணைப்பில்தான் சுமை முழுவதும் குவிகிறது, அங்கே அவசரம் கூடாது. ஒரு பாதியைத் தட்டையாகக் குத்திவிட்டு மறு நுனியை 78 மி.மீ. உயர்த்தினால், 750 மி.மீ. நீளப் பாதிக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 3 பாகை டைஹெட்ரல் கிடைக்கும். உங்கள் வரைபடம் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். உயர்த்திய நுனியில் முன்விளிம்பின் உயரத்தையும் பின்விளிம்பின் உயரத்தையும் தனித்தனியே அளந்து, பின்விளிம்பு 5 மி.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பசை இறுகுவதற்குள் பார்த்துவிடுங்கள்.